தடிமன், பருமன், கனம்: கட்டத்தில் எதைப் போடலாம்?

'பலகைக்கு நீளம், அகலம் போக மூன்றாவது அளவு' என்று குறுக்கெழுத்தில் குறிப்புக் கொடுத்தால் விடையாக வரக்கூடியவை மூன்று: தடிமன், பருமன், கனம். திண்மையும் திட்பமும் உறுதிப் பக்கம் சாய்ந்துவிடும், அவற்றை ஒதுக்கிவிடலாம். என் ஓட்டு தடிமனுக்கு.

பொருளை அதிகம் அலச வேண்டியதில்லை. கனம் என்றால் பாதிப் பேர் எடையை நினைப்பார்கள். பருமன் கயிறு, தூண், உடம்புக்குச் சரி, தகட்டுக்கு ஒட்டாது. பள்ளி ஆய்வகத்தில் திருகு அளவியை வைத்து 0.01 மி.மீ. வரை அளப்பது தகட்டின் தடிமனைத்தான்.

உண்மையில் முடிவு செய்வது, எந்தெந்த எழுத்தை மேலிருந்து கீழ் வரும் சொல்லோடு பகிர்கிறோம் என்பது. தமிழ்க் கட்டத்தில் உயிர்மெய்க்கு ஒரு கட்டம், புள்ளி வைத்த மெய்க்கும் ஒரு கட்டம். புள்ளியெழுத்தில் சொல் தொடங்காது. டி, ன போன்றவற்றில் தொடங்கும் தமிழ்ச் சொல்லும் இல்லை.

ஒன்றுவிட்டு ஒரு எழுத்தைப் பகிரும் கட்டத்தில், த-டி-ம-ன் என்ற நாலில் ஒன்றாவதும் மூன்றாவதும் பகிரப்பட்டால் கவலையே இல்லை. 'த' இருந்தால் பருமன் விலகிவிடும். 'ம' இருந்தால் தடியன் விலகிவிடுவான். இரண்டிலுமே சொல் தொடங்கலாம்: தவளை, தயிர், மரம், மழை, எது வேண்டுமானாலும் கீழே இறக்கலாம். த_ம_ என்பதில் தருமன், தருமம் நுழையும்தான். ஆனால் பலகைக் குறிப்பைப் பார்த்து யாரும் அவற்றை எழுத மாட்டார்கள். இரண்டு, நான்காம் எழுத்துகளைப் பகிர்ந்தால்தான் சிக்கல். டி-யில் முடிய கொடி, நாடி என்று மேலிருந்து சொல் கொண்டுவர வேண்டும். அப்படியும் _டி_ன் என்பதில் தடியன் நின்றுகொண்டிருப்பான், பொருளிலும் பக்கத்துவீட்டுக்காரன்.

கனம் இந்த இடத்தில்தான் தோற்கிறது. ஓரங்களைப் பகிர்ந்தால் க_ம்: கணம், களம், கலம், கரம், கடம் என்று வரிசை நிற்கும். நடுவில் வானம், மௌனம் போல ஒன்றை ஊடுருவ விட்டால் ன கிடைக்கும். ஒன்றுவிட்டு ஒன்று பகிரும் கட்டத்தில் அப்போது ஓரம் இரண்டும் அநாதை. மனம், தினம், வனம் எல்லாம் பொருந்தும். நான்காவதாகத் தடிப்பைப் போட நினைத்தால் இன்னும் மோசம். ப் சொல்லின் முதலிலும் வராது, கடைசியிலும் வராது. போதாக்குறைக்குத் தடுப்பு வேறு.

பருமனைக் கட்டக் கணக்கில் குறை சொல்ல முடியாது. ப, ம இரண்டிலும் சொல் தொடங்கும். ப_ம_ என்பதில் பரமன் எட்டிப் பார்ப்பார், அவ்வளவுதான். உடல் எடை பற்றிய குறிப்பென்றால் நானும் பருமனையே போடுவேன்.

சிலேடைக் குறிப்புக்கு மூன்றுமே வளைந்து கொடுக்கும். 'கோலோடு வந்த அரசனின் கனம் (4)': தடி + மன். பருமனில் தடிக்குப் பதில் முகப்பரு. 'முன்பக்கம் நொறுங்கிய வண்டியின் எடை (3)': வாகனத்தில் வா போனால் கனம். இந்த ஒரு குறிப்புக்காகவே கனத்தை எப்போதாவது கட்டத்தில் சேர்க்கலாம். இலங்கை வாசகருக்கென்றால் தடிமனுக்கு இன்னொரு வழியும் உண்டு: அங்கே அது ஜலதோஷம். 'மூக்கடைக்கும் அளவு' என்றாலே போதும்.

கடைசி ன்-ஐப் பகிர்ந்தே ஆக வேண்டும், இடமோ கீழ்ப்பக்கம் மட்டும்தான் என்றால், நம் பத்திரிகைக் கட்டங்களில் வரும் 'கீழிருந்து மேல்' கைகொடுக்கும். தேன், மீன் எதையாவது கீழிருந்து ஏற்றி ன்-இல் முடித்துவிடலாம்.