மடித்துச் செய்யும் நுண்ணோக்கியும் மதில் சுவர்ப் பாசியும்

சைபீரிய உறைநிலத்தில் ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் உறைந்து கிடந்த ரோட்டிஃபர் என்னும் நுண்விலங்கு, பனி உருகியதும் உயிர்பெற்று இனமும் பெருக்கியது என்று ரஷ்ய ஆய்வாளர்கள் 2021-இல் அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வியப்பைவிடச் சந்தேகமே மேலோங்கியது. அதன் உறவினங்கள் காய்ந்த பாசியில் மாதக்கணக்கில் உயிரை அடக்கிக் கிடக்கும் என்றும், தண்ணீர் பட்டால் எழுந்துவிடும் என்றும் தெரிந்த பிறகு, அதை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே ஃபோல்ட்ஸ்கோப் என்னும் காகித நுண்ணோக்கியை வாங்கினேன்.

மீரட்டில் பிறந்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் மனு பிரகாஷும் அவருடைய மாணவர் ஜிம் சைபுல்ஸ்கியும் உருவாக்கிய கருவி இது. உதிரிப் பாகங்களின் செலவு ஒரு டாலருக்கும் குறைவு என்று 2014-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் எழுதினார்கள். நம் கையில் கிடைப்பது தண்ணீரில் ஊறாத, எளிதில் கிழியாத தாளும், மிகச் சிறிய ஒரு கண்ணாடி வில்லையுந்தான். உருவத்தை 140 மடங்கு பெருக்கிக் காட்டும். 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான நுணுக்கம் தெரியும்.

பத்து நிமிடத்துக்குள் மடித்துவிடலாம் என்று சொல்லப்பட்டாலும், எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. நிறத்தோடு நிறம் பொருத்தி மடிக்க வேண்டிய ஓரிடத்தில் நான் அவசரப்பட்டு மாற்றிச் செருகியதுதான் காரணம், குறை என்னுடையதே. அதைவிடப் பெரிய தவறு, ஸ்லைடில் தண்ணீரைத் தாராளமாக விட்டது. வில்லை ஸ்லைடுக்கு மிக அருகில் நிற்பதால் தண்ணீர் அதில் ஒட்டிக்கொண்டு, பார்ப்பதெல்லாம் கலங்கிப்போயிற்று. அரைத் துளி போதும். அதன்மேல் மெல்லிய மூடியும் வேண்டும்.

மழை நின்று பல வாரங்களாகிப் பழுப்பேறியிருந்த மதில் சுவர்ப் பாசியைக் கிள்ளி, ஒரு கிண்ணத்தில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் பிழிந்தெடுத்த தண்ணீரைத்தான் வைத்தேன். முதல் நான்கு ஸ்லைடுகளில் மண் துகள்களைத் தவிர வேறெதுவும் இல்லை. ஐந்தாவதில், கண்ணாடித் துண்டு போன்ற ஓர் உடல் அட்டைப்பூச்சி நகர்வதுபோல் நீண்டும் சுருங்கியும் ஊர்ந்து வந்து, பாசி இலை ஒன்றின் ஓரத்தில் வாலை ஊன்றிக்கொண்டு, தலையில் இரண்டு சக்கரங்களை விரித்தது. ரோட்டிஃபரேதான். அவை உண்மையில் சுழல்வதில்லை. அலையலையாக அசையும் நுண்மயிர்கள் அப்படித் தோன்றச் செய்கின்றன. உட்புறத்தில் தாடை அசைபோடுவதுகூடத் தெரிந்தது. காப்பி ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

டச்சு நாட்டு டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான லீவன்ஹூக், கூரைக் கால்வாயின் காய்ந்த வண்டலில் தண்ணீர் விட்டு இதே வகை உயிர்கள் எழுந்து நீந்துவதைக் கண்டு, 1702-இல் லண்டன் ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் கழகத்துக்கு எழுதினார். அவர் வைத்திருந்ததும் ஒற்றை வில்லைக் கருவிதான். ஆகவே ஃபோல்ட்ஸ்கோப்பைப் புதுமை என்று சொல்வதைவிட, அந்தப் பழைய முறையை எவர் சட்டைப்பைக்கும் எட்டும்படி செய்தது என்று சொல்வதே பொருந்தும்.

நான் தேடியும் கிடைக்காதது, பாசியில் வாழும் இன்னொரு நுண்விலங்கான நீர்க்கரடி. பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில், பாசி படிந்த சிமென்ட் சுவரிலிருந்து எடுத்த ஒருவகை நீர்க்கரடி, கிருமிகளைக் கொல்லும் புற ஊதாக் கதிரை உள்வாங்கி நீல ஒளியாக வெளிவிட்டுத் தப்பிக்கிறது என்று 2020-இல் கண்டறிந்தார்கள். அந்த ஒளிர்வைப் பார்க்கும் வசதி இந்தக் காகிதக் கருவியில் கிடையாது என்றாலும், எட்டுக் கால்களோடு அது தள்ளாடி நடப்பதைத் தாராளமாகப் பார்க்கலாம்.

தயிரிலுள்ள பாக்டீரியாவைக் காட்டு என்று வீட்டுப் பிள்ளை கேட்டபோதுதான் கருவியின் எல்லை புரிந்தது. அவை பெரும்பாலும் ஒரு மைக்ரான் பருமனே இருப்பதால், மங்கலான புள்ளிகளுக்கு மேல் எதுவும் தேறவில்லை. (கரீபியக் கடலிலுள்ள குவாதலூப் தீவின் அலையாத்திக் காடுகளில் கிடைத்து 2022-இல் விவரிக்கப்பட்ட ஒரு சென்டிமீட்டர் நீள பாக்டீரியாவுக்கோ நுண்ணோக்கியே தேவையில்லை.) கண்ணை வில்லையோடு ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டியிருப்பதால், மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்குச் சங்கடம், காந்த வளையத்தைக்கொண்டு கைப்பேசியில் பொருத்திப் பார்ப்பதே நல்லது. விளக்கையோ வெளிச்சமான சன்னலையோ நோக்கிப் பிடிக்கலாம். வெயிலை நேராக ஒருபோதும் பார்க்கக் கூடாது. ஆய்வகத்து நுண்ணோக்கிக்கு இது மாற்றாகாது. நோய் கண்டறிய வாங்கவும் வேண்டாம். பொறுமையுள்ள பத்து வயதுப் பிள்ளைக்கும், அறிவியல் செய்திகளை நம்பத் தயங்கும் என்னைப் போன்ற பெரியவர்களுக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

அதே பாசியில் ஒரு பிடியை நனைக்காமல் காகித உறையில் போட்டுத் தேதி எழுதி, புத்தக அலமாரியில் வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு இதே நாளில் ஊறவைக்க வேண்டும்.