எம்ஜிபி காரில் வி8 எஞ்சின் மாற்றப் போகிறவர்கள் பணம் கட்டுமுன் படிக்கவும்

இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு எஞ்சின் மாற்றித் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு பட்டறை, என்னிடம் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு அரைகுறை வேலையைத் தலையில் கட்டிவிட்டது. விவகாரம் இன்னும் முடியாததால் பெயரை இங்கே போடவில்லை.

என்னுடையது 1972ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி. அதில் இருந்தது 1798 சிசி, நான்கு சிலிண்டர், இரும்பு எஞ்சின். அதைக் கழற்றிவிட்டு 3.5 லிட்டர் ரோவர் வி8 (எட்டு சிலிண்டர்கள் வி வடிவில் அமைந்த எஞ்சின்) வைப்பது ஒன்றும் விபரீத ஆசை அல்ல. எம்ஜி நிறுவனமே 1973 முதல் 1976 வரை இதே எஞ்சினுடன் எம்ஜிபி ஜிடி செய்து விற்றது. அதற்கு முன்பே கென் காஸ்டெல்லோ என்பவர் இதைச் செய்து காட்டிவிட்டார். ரோவர் வி8 அலுமினியத்தால் ஆனது. எட்டு சிலிண்டர் இருந்தும் பழைய இரும்பு எஞ்சினைவிட எடை பெரிதாகக் கூடுவதில்லை. ஐம்பது ஆண்டுகளாகப் பலரும் செய்து பழகிய வேலை இது. இதையும் கெடுத்து வைத்திருக்கிறார்களே என்பதுதான் என் ஆத்திரம்.

பேச்சு இதுதான்: ரோவர் எஸ்டி1 காரிலிருந்து எடுத்து, முழுதாகப் பிரித்துப் புதுப்பித்த எஞ்சின், ஐந்து கியர் பெட்டி, அவற்றுக்கு ஏற்ற ரேடியேட்டர், பிரேக், பின் அச்சு. ரசீதிலும் இவை வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன.

ஓட்டிப் பார்த்தால் கதை வேறு. முதல் கியரில் சந்திப்பைத் தாண்டுவதற்குள் எஞ்சின் கத்தத் தொடங்கிவிடுகிறது. மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில் ஐந்தாவது கியர் போட்டும், இன்னொரு கியர் இருக்கிறதா என்று கை தானாகத் தேடுகிறது. நிதானமாகச் சுற்றிக்கொண்டே வண்டியை அநாயாசமாக இழுப்பதுதான் வி8 எஞ்சினின் அழகு. அந்த அழகு முழுவதும் பின் அச்சில் தொலைந்துபோயிருந்தது. பின் அச்சு விகிதம் என்பது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற கியர் பெட்டியிலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்ற கணக்கு; எண் கூடினால் அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுழல வேண்டும். தொழிற்சாலையில் செய்த வி8 கார்களில் அது 3.07. என் காரில் இருந்தது பழைய 3.9 அச்சேதான், தொடப்படவே இல்லை. முன் பிரேக்கும் அப்படியே. பழைய காலிப்பர்களுக்கு (பிரேக் கட்டைகளை வட்டில் அழுத்தும் பாகம்) சிவப்பு வண்ணம் அடித்துப் புதுப்பித்ததாகக் கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

வெப்பம்தான் பெரிய தொல்லை. வேகமாகப் போகும்வரை முள் ஒழுங்காக நிற்கும். லண்டன் நார்த் சர்குலர் சாலை நெரிசலில் சிக்கினால் சில நிமிடங்களில் சிவப்புக் குறியை நோக்கி ஏறிவிடும். பட்டறைக்காரரைக் கேட்டால், "பழைய கார் என்றால் சூடாகத்தான் செய்யும், சார்" என்றார். ரேடியேட்டருக்கு முன்னால் இரண்டு மின்விசிறிகள் பொருத்தியிருந்தார்கள். அவை ஓடும்போது கிரில்லுக்கு முன்னால் ஒரு செய்தித்தாளைப் பிடித்தேன். உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டிய தாள் என் முகத்தில் வந்து அறைந்தது. மின்கம்பிகளை மாற்றி இணைத்திருக்கிறார்கள். அடுப்பை ஊதச் சொன்னால் ஊதாங்குழலில் வாயை வைத்து உறிஞ்சிய கதை. கம்பிகளை மாற்றிப் பொருத்தியதும் முள் இறங்கியது. அது அவர்களுக்கு ஐந்து நிமிட வேலை.

மிச்சமெல்லாம் வெளியே வந்தது காப்பீட்டு நிறுவனத்தால். எஞ்சின் மாற்றத்தைத் தெரிவித்ததும், பொறியாளர் ஒருவரின் சோதனை அறிக்கை வேண்டும் என்றார்கள். வந்தவர் விளக்கைப் பிடித்து, எஞ்சின் பிளாக்கில் பொறித்திருந்த எண்ணைத் துடைத்துக் காட்டினார். எஞ்சின் எண்ணுக்கு மேலே 8.13:1 என்று இருந்தது. அது அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற கணக்கு. எஸ்டி1 எஞ்சினில் அந்த இடத்தில் 9.35:1 இருக்க வேண்டும். 8.13 என்பது அந்தக் காலத்து ரேஞ்ச் ரோவர், லேண்ட் ரோவர் வண்டிகளுக்கான குறைந்த அமுக்க எஞ்சின். திறனும் குறைவு. அடுத்து வால்வு மூடியைக் கழற்றினார். வால்வுகளை இயக்கும் ராக்கர் தண்டுகளின் மேல் கரிய கசடு விரல் நகத்தால் சுரண்டும் அளவுக்குப் படிந்திருந்தது. முழுதாகப் பிரித்துக் கழுவிய எஞ்சினில் அப்படி இருக்க வழியே இல்லை. புதிதாக இருந்தது மூடியின் மேல் அடித்த வெள்ளி வண்ணம் மட்டும்.

காகிதத்திலும் இதே கதைதான். எஞ்சின் எண்ணோ கொள்ளளவோ மாறினால் வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வுக்குச் சான்றுடன் தெரிவிக்க வேண்டும். என் ரசீதில் எஞ்சின் எண்ணே இல்லை. "அதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை" என்று சொல்லும் பட்டறையிலிருந்து உடனே வெளியே வந்துவிடுங்கள். 40 ஆண்டு கடந்த கார்களுக்கு எம்.ஓ.டி. என்ற வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் கடந்த 30 ஆண்டுகளுக்குள் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்த விலக்கு போகலாம், சிலிண்டர் எண்ணிக்கை மாறும்போது இந்தக் கேள்வி கட்டாயம் எழும். நான் இப்போது ஆண்டுதோறும் எம்.ஓ.டி. எடுத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். இந்த பிரேக்கை நம்பி அதையும் விட்டுவிட முடியாது.

பணத்தைப் பொறுத்தவரை, நுகர்வோர் உரிமைச் சட்டம் 2015இன்படி வேலையைச் சரியாகச் செய்து தருமாறு முதலில் எழுத்தில் கேட்டேன். பதில் வரவில்லை. வங்கிப் பரிமாற்றம் செய்தால் தள்ளுபடி என்று பட்டறையில் வற்புறுத்தியும், முன்பணத்தை நான் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தேன். விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை என்றால், ஒரு பகுதியைக் கார்டில் கட்டியிருந்தாலும் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவு கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது. பொறியாளர் அறிக்கையை இணைத்து அங்கே கோரிக்கை வைத்திருக்கிறேன். அது பலிக்காவிட்டால் சிறு கோரிக்கை நீதிமன்றம். அங்கே 10,000 பவுண்டு வரை கேட்கலாம்.

வி8 மாற்றத்துக்கு எந்தப் பட்டறையில் பணம் கட்டுவதானாலும், எஞ்சின் உள்ளே இறங்குமுன் பிளாக்கில் உள்ள எண்ணையும் பின் அச்சு விகிதத்தையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே இப்படி அகப்பட்டவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், பொறியாளர் அறிக்கையின் நகலை அனுப்பி வைக்கிறேன்.