டைமிங் பெல்ட்டில் சுற்றும் வாட்டர் பம்ப்: ஒரு லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு

இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட்டைச் சுற்றி ஓட விடுவது வாட்டர் பம்ப். அது ஃபேன் பெல்ட்டில் சுற்றும் பம்பாக இருந்தால் சோதிப்பது சுலபம். இன்ஜினை அணைத்துவிட்டு, புல்லியைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கலாம். ஆட்டம் கண்டால் பேரிங் போச்சு. கோவையில் நான் வைத்திருக்கும் பழைய பெட்ரோல் காரில் அதற்கு வழியில்லை. பம்பைச் சுற்றுவது, இன்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட், இரண்டும் கவருக்குள்ளே இருக்கின்றன. ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: பம்ப் சும்மா கெடுவதில்லை, நாம் ஊற்றும் தண்ணீர்தான் பெரும்பாலும் அதைக் கெடுக்கிறது.

பம்புக்குள் கூலண்ட் பேரிங் பக்கம் போகாமல் தடுப்பது ஒரு சீல். வழவழப்பான இரண்டு வளையங்கள் ஒன்றோடொன்று உரசிச் சுற்றும். அவற்றுக்கு நடுவே பரவும் கூலண்ட் படலம்தான் மசகு. போர் தண்ணீரை ஊற்றினால் கீசர் காயிலில் படிகிற அதே சுண்ணாம்பு இங்கேயும் படியும், துகள்கள் சீல் முகத்தைக் கீறும். துருத் தடுப்பு மருந்து இல்லாததால் உள்ளிருக்கும் விசிறியையும் அரிக்கும். சிறுவாணித் தண்ணீரைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெருமை அதிகம். குடிக்க அருமைதான், ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம். டிஸ்டில்ட் வாட்டரும் கூலண்ட்டும் பாதிக்குப் பாதி, இல்லையென்றால் கலந்தே வரும் கேன். நிறத்தை நம்பி வாங்கக் கூடாது. பச்சை, சிவப்பு எல்லாம் கம்பெனிக்காரர்கள் போடும் சாயம். கார் புத்தகத்தில் எந்த வகை போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு.

முதல் முறை டைமிங் பெல்ட் மாற்றியபோது, "பம்ப் நல்லாத்தானுங்க இருக்கு, சும்மா எதுக்குச் செலவு?" என்று ஒர்க்‌ஷாப்பில் பழைய பம்பையே விட்டுவிட்டார்கள். ஒன்றிரண்டு வருடத்தில் ரிசர்வ் பாட்டிலில் கூலண்ட் மட்டம் இறங்க ஆரம்பித்தது. தரையில் சொட்டு இல்லை, டெம்பரேச்சர் முள்ளும் நடுவிலேயே நின்றது. வேறொரு மெக்கானிக்தான் டார்ச் அடித்து, பெல்ட் கவரின் அடி விளிம்பில் காய்ந்துபோன ரோஸ் நிறக் கோட்டைக் காட்டினார். சீலுக்கும் பேரிங்குக்கும் இடையே பம்ப் உடம்பில் சின்ன ஓட்டை ஒன்று உண்டு. சீல் தேய்ந்தால் கசிவு பேரிங்குக்குள் போகாமல் வெளியே வரட்டும் என்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். அங்கே கசிகிறதே என்று எம்-சீல் வைத்து அடைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அடைத்தால் பேரிங் சீக்கிரமே காலி.

கசிவைத் தள்ளிப்போட முடியாததற்குக் காரணம் பெல்ட். கூலண்ட் பட்டால் அது கெடும். பேரிங் இறுகி பம்ப் நின்றுவிட்டால் பெல்ட் அறுந்து, பல இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் இடித்துவிடும். பம்ப் விலை கொஞ்சம்தான், கூலிதான் பெரிசு. அந்தக் கூலியை நான் இரண்டு தடவை கொடுத்தேன். அடுத்த முறை பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், பம்ப் மூன்றையும் சேர்த்தே மாற்றினேன். உங்கள் காரிலும் பம்ப் டைமிங் பெல்ட்டில் சுற்றினால் பேரம் பேசாமல் அப்படியே செய்யுங்கள்.

கழற்றிய பம்பை வாங்கிப் பார்த்தேன். தண்டைச் சுற்றினால் கரகரவென்று விரலில் தெரிந்தது. ஓட்டையைச் சுற்றி உப்புப் போல ஒரு படிவு. புதுசை மாட்டும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தது, பழைய பேக்கிங்கைச் சுரண்டும் வேலையை. இன்ஜின் பிளாக்கின் முகம் அலுமினியம் என்றால் ஸ்க்ரூ டிரைவரால் குத்திச் சுரண்டவே கூடாது, ஒரு கீறல் விழுந்தாலும் அங்கே கசியும். சீலண்ட்டை அள்ளி அப்பினாலும் ஆபத்து, உள்ளே பிதுங்கியது பிய்ந்துபோய் ரேடியேட்டர் குழாயை அடைக்கும்.

அதே மூச்சில், "நம்மூரு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்குங்க, கழட்டிப் போட்டுடலாம்" என்ற யோசனையும் மெக்கானிக்கிடமிருந்து வந்தது. இன்ஜின் சூடாகும்வரை கூலண்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். மறுத்துவிட்டேன். அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடும். சில இன்ஜின்களில் கூலண்ட் ரேடியேட்டர் பக்கம் போகாமல் குறுக்கு வழியில் திரும்பி, சூடு குறைவதற்குப் பதில் ஏறவும் செய்யும். ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியரில், ஏசி போட்டு, நாலு பேரோடு ஏறும்போதும் முள் அசையவில்லை.

ரேடியேட்டர் மூடியையும் மறக்க வேண்டாம். பாதிக்குப் பாதி கலவையும் மூடி தாங்கும் அழுத்தமும் சேர்ந்துதான் ஏறக்குறைய 125 டிகிரி வரை கொதிக்க விடாமல் வைக்கின்றன. ரப்பர் வெடித்த மூடியோடு புதுப் பம்ப் போட்டுப் பிரயோஜனமில்லை. சூடாக இருக்கும்போது திறந்தால் முகம் வெந்துவிடும். வடித்த கூலண்ட்டை வாசலில் விடாதீர்கள், இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கும், அது விஷம்.

மாற்றிய அன்று ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றி, ஃபேன் ஓடி நிற்கும்வரை இன்ஜினை ஓட விட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். மறுநாள் காலை ஆறிய இன்ஜினில் மட்டம் கொஞ்சம் இறங்கியிருப்பது சகஜம், நிரப்பிவிடலாம். அதற்குப் பிறகும் இறங்கினால் முதலில் ஹோஸ் கிளிப்புகளைப் பாருங்கள்.