பார்பிட்டுரேட்டா, பென்சோடயசிபைனா?

உறக்கமின்மைக்கோ கடும் பதற்றத்துக்கோ மருந்து எழுதியே ஆக வேண்டும் என்ற நிலை வரும்போது பார்பிட்டுரேட், பென்சோடயசிபைன் என்ற இரண்டு தூக்க மருந்து வகைகளில் நான் பென்சோடயசிபைனைத்தான் எழுதுகிறேன், அதையும் சில நாட்களுக்கு மட்டுமே. இரண்டு வகையும் தூங்க வைக்கும், வலிப்பை அடக்கும், பழகிவிட்டால் எளிதில் விடாது என்பதெல்லாம் பலரும் அறிந்ததே. என் தேர்வை முடிவு செய்வது, தூங்க வைக்கும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் இடையிலுள்ள தூரம்.

மூளையை அமைதிப்படுத்தும் வேதிப்பொருள் காபா; இரண்டு வகையுமே அது வந்து ஒட்டும் காபா ஏற்பியில்தான் வேலை செய்கின்றன. காபா வந்து தட்டும்போது நரம்பணுவுக்குள் குளோரைடை விட்டு அதை அடக்கும் வாயில் அடிக்கடி திறக்கும்படி செய்வதோடு பென்சோடயசிபைன் நின்றுவிடுகிறது. பார்பிட்டுரேட்டோ திறந்த வாயிலை நெடுநேரம் மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அளவு கூடினால் காபா இல்லாமலேயே திறந்தும் விடுகிறது. உறக்கத்திலிருந்து ஆழ்மயக்கத்துக்கும் அங்கிருந்து மூச்சடங்கலுக்கும் போகும் வழியில் அதைத் தடுக்க எதுவுமில்லை. இதைவிட மோசமானது, தொடர்ந்து உட்கொள்பவருக்கு உறக்கம் தரும் அளவு ஏறிக்கொண்டே போக, உயிரைப் பறிக்கும் அளவு அதே வேகத்தில் ஏறுவதில்லை என்பது; பழைய உறக்கத்தையே தேடி மாத்திரையைக் கூட்டுபவர், தனக்கு எந்த மாற்றமும் தெரியாமலேயே விளிம்பை நெருங்குகிறார்.

அளவு மீறினால் பார்பிட்டுரேட்டுக்கு முறிவு மருந்து கிடையாது. பார்பிட்டுரேட் வகையைச் சேர்ந்த ஃபீனோபார்பிட்டலின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறையவே மூன்று, நான்கு நாட்கள் ஆகலாம் என்பதால், செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காத்திருப்பதும், கரித்தூள், டயாலிசிஸ் ஆகியவற்றால் வெளியேற்றத்தை விரைவுபடுத்துவதுமே வழி. பென்சோடயசிபைனுக்கு ஃபுளூமசெனில் உண்டு, ஆனால் நீண்ட நாள் பழகியவருக்கு அது வலிப்பைக் கிளப்பிவிடும் என்பதால் நான் அதை எளிதில் எடுப்பதில்லை.

ஃபீனோபார்பிட்டல் கல்லீரல் நொதிகளைத் தூண்டுவதால், இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மருந்து விரைவில் சிதைகிறது. அதற்கேற்ப வார்ஃபரினைக் கூட்டிய பிறகு ஃபீனோபார்பிட்டலை நிறுத்தினால், அடுத்த சில வாரங்களில் இரத்தக்கசிவு தொடங்கலாம்.

பென்சோடயசிபைனும் அப்பாவி அல்ல. மதுவுடனோ மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிமருந்துடனோ சேர்ந்தால் அதுவும் மூச்சை அடக்கும். முதியவர்களைத் தடுமாறி விழச் செய்யும்.

பச்சிளங்குழந்தைகளின் வலிப்பைப் பொறுத்தவரை என் சாய்வைப் பொருட்படுத்த வேண்டாம். அங்கே எனக்கு அனுபவம் குறைவு, ஃபீனோபார்பிட்டல்தான் இன்றும் முதல் மருந்து. வலிப்புக்காக அதை ஏற்கெனவே உட்கொண்டு வருபவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்திவிடக் கூடாது. அப்படி நிறுத்துவதே ஓயாத வலிப்பில் கொண்டுபோய் விடலாம்.