வாரம் ஒன்று போட வேண்டிய வைட்டமின் டி, கடைக் கவரில் தினம் ஒன்றாகிவிடுகிறது: கவனம்

மூட்டு வலி, உடம்பு வலி என்று போனால் இப்போது அடிக்கடி எழுதித் தரப்படுவது 60,000 யூனிட் வைட்டமின் டி3 கேப்சூல். குறைபாடு உள்ள பெரியவர்களுக்கு வழக்கமான அளவு வாரம் ஒன்று, சுமார் எட்டு வாரம். அதன்பின் தேவைப்பட்டால் மாதம் ஒன்று. இதே கேப்சூலைத் தினமும் விழுங்கிவிட்டு, மாதக்கணக்கில் கழித்து ஓயாத வாந்தியோடும் தடுமாறும் பேச்சோடும் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குள், சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியிருக்கும். வயதான தாய் தகப்பன் உள்ள வீடுகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தவறு நடக்கும் இடம் பெரும்பாலும் மருந்துக்கடை கவுன்டர். சீட்டில் வாரம் ஒன்று என்பது கிறுக்கலாக இருக்கும். அதற்கு மேலும் கீழும் உள்ள மாத்திரைகளுக்கு 1-0-1, 0-0-1 என்று இருக்கும். எடுத்துக் கொடுப்பவர் எல்லாவற்றையும் ஒரே மாதிரி கவரில் போட்டு டிக் அடித்துவிடுவார். அந்தக் கவரில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம்தான் உண்டு, வாரத்துக்குக் கட்டமே கிடையாது. நான்கு கேப்சூல் உள்ள அட்டை ஒரு மாதத்துக்கானது என்று வாங்குகிறவருக்கு யார் சொல்வது? நான்கு நாளில் தீர்ந்ததும் அதே அட்டையைக் காட்டி அடுத்தது வாங்குகிறார்கள். கேள்வி கேட்காமல் கொடுக்கிறார்கள். மருந்தாளுநர் இருந்து விளக்கிக் கொடுக்க வேண்டிய இடத்தில் வெறும் பில் மட்டும் போடுவது நோயாளிக்குச் செய்யும் துரோகம்.

கணக்கைப் பாருங்கள். 2020-ல் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வெளியிட்ட பரிந்துரைப்படி பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் போதும், 4,000 யூனிட்டுக்கு மேல் போகக்கூடாது. 60,000 யூனிட் கேப்சூலை வாரம் ஒன்று போட்டால் சராசரி நாளுக்கு 8,600 யூனிட் அளவில் வரும். குறைபாட்டைச் சரிசெய்ய, குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் இது சரி. தினமும் போட்டால் தேவையைப் போல நூறு மடங்கு. வைட்டமின் சி போல மிச்சம் சிறுநீரில் போய்விடாது. இது கொழுப்பில் தங்கும் வைட்டமின். நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும்.

அறிகுறிகள்: பசியின்மை, வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்வு, பிறகு மனக்குழப்பம். தாகத்தையும் சிறுநீரையும் சர்க்கரை என்று நினைப்பார்கள், குழப்பத்தை வயது என்று விட்டுவிடுவார்கள். அதனால்தான் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள், காசநோய் உள்ளவர்கள், பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் கலந்த மாத்திரை போடுகிறவர்கள், இதயத்துக்கு டிகாக்சின் போடுகிறவர்கள் இன்னும் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார்கள். அந்தப் பிரஷர் மாத்திரைகள் கால்சியத்தைச் சிறுநீரில் வெளியேற விடாது. கால்சியம் ஏறிய நிலையில் டிகாக்சின் இதயத் துடிப்பைக் குலைத்துவிடும்.

இதோடு இரட்டிப்பு வேறு. கால்சியம் மாத்திரையில் பெரும்பாலும் டி3 கலந்திருக்கும், மல்டிவைட்டமினிலும் இருக்கும், எலும்பு பலத்துக்கு என்று விற்கும் பவுடரிலும் இருக்கும். சில இடங்களில் 6 லட்சம் யூனிட் ஊசியும் போட்டு, கையில் வாராந்தர கேப்சூலும் கொடுத்து அனுப்புகிறார்கள். ஊசி போட்டிருந்தால் அடுத்த டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

கைக்குழந்தைக்குத் தேவை நாளுக்கு 400 யூனிட். சொட்டு மருந்து ஒரு மில்லியில் 400 யூனிட்டாகவும் வருகிறது, 800 ஆகவும் வருகிறது. பிராண்டு மாறினால் அளவும் மாறும். 60,000 யூனிட் அடங்கிய 5 மில்லி குட்டி பாட்டிலும் கடையில் உண்டு. அதைச் சொட்டு மருந்து என்று நினைத்துத் தினமும் புகட்டினால் குழந்தையின் சிறுநீரகம் போய்விடும். சீல் உடைப்பதற்கு முன் லேபிளில் உள்ள எண்ணைப் படியுங்கள்.

கடையில் நிற்கும்போதே செய்ய வேண்டியது: 60,000 என்ற எண்ணைப் பார்த்ததும், "இது தினமா, வாரமா?" என்று கேளுங்கள். கவரில் கிழமையைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள், ஞாயிறு மட்டும், மொத்தம் எட்டு என்பது போல. வீட்டில் தினசரி மாத்திரை டப்பாவுக்குள் இதைப் போடாதீர்கள். காலண்டரில் எட்டு ஞாயிறுகளைச் சுழித்து வைத்து, போட்டதும் அடித்துவிடுங்கள். கொழுப்பில் கரைவதால் சாப்பாட்டுக்குப் பின் போட்டால்தான் நன்றாகச் சேரும். எட்டு முடிந்ததும் டாக்டரைக் கேட்காமல் அடுத்த அட்டை வாங்காதீர்கள்.

ஏற்கெனவே தினமும் போட்டுவிட்டீர்களா? கேப்சூல், கால்சியம், மல்டிவைட்டமின் மூன்றையும் உடனே நிறுத்துங்கள். சிறுநீரகம் நன்றாக உள்ள பெரியவருக்கு இரண்டு மூன்று கேப்சூல் கூடிப்போனால் பதற வேண்டியதில்லை, டாக்டரிடம் சொன்னால் போதும். வாரக்கணக்கில் போயிருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும், சீரம் கால்சியம், கிரியாட்டினின், 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி (உடம்பில் உள்ள வைட்டமின் டி அளவைக் காட்டுவது) என்ற மூன்று ரத்தப் பரிசோதனைகளையும் பாருங்கள். கால்சியம் பொதுவாக 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருக்கலாம். வைட்டமின் டி 150 நானோகிராமைத் தாண்டினால் நஞ்சாகும் நிலை. வாந்தியோ குழப்பமோ இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சலைன் ஏற்றியும் ஸ்டீராய்டு கொடுத்தும் கால்சியத்தை இறக்குவார்கள். போகும்போது காலி அட்டைகளை எல்லாம் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை போயிற்று என்று டாக்டருக்கு அதிலிருந்துதான் தெரியும்.

கடை தவறாக எழுதித் தந்த கவர், பில், பேட்ச் எண் உள்ள அட்டை மூன்றையும் தூக்கிப் போடாதீர்கள். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உங்கள் பகுதி அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்க இவைதான் ஆதாரம். நுகர்வோர் உதவி எண் 1915. மருந்தால் ஏற்பட்ட பாதிப்பைப் பதிவுசெய்ய 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது, நோயாளியின் வீட்டாரே கூப்பிடலாம்.