கவுச் டு 5கே: 9 வாரம்னு போட்டிருக்கு, எனக்கு 14 வாரம் ஆச்சு

இந்த வருஷம் தைப்பூசத்துக்கு மகன் பால்குடம் எடுத்தான். நான் தண்ணி போத்தல தூக்கிக்கிட்டு பின்னாலேயே பத்துமலை படி ஏறுறேன், மொத்தம் 272 படி, பாதி கூட தாண்டியிருக்க மாட்டேன், நெஞ்சு படபடன்னு அடிக்குது, கண்ணு இருட்டிக்கிட்டு வருது, ஓரமா கம்பிய புடிச்சுக்கிட்டு நின்னுட்டேன். பிள்ள மேல போயிட்டான். அவன் பால் ஊத்துனத நான் பாக்கல. அன்னைக்கு ராத்திரி அது மனசுல முள்ளாட்டம் குத்திக்கிட்டே இருந்துச்சு. எனக்கு வயசு 43, ஆபீஸ்ல நாள் முழுக்க உக்காந்து கணக்கு பாக்குற வேல, வீட்டுக்கு வந்தா அடுப்படி, அவ்ளோதான் நம்ம நடமாட்டம்.

மறுவாரம் கிளினிக் போயி பிரஷர், சுகர், ஈசிஜி எல்லாம் பாத்தேன், நெஞ்சுல ஒன்னும் பிரச்சனை இல்ல, உடம்புக்கு பழக்கம் இல்லாததுதான், நடங்க, முடிஞ்சா மெதுவா ஓடுங்கன்னு டாக்டர் சொன்னாங்க. நாப்பதுக்கு மேல ஆரம்பிக்கிறவங்க யாரா இருந்தாலும் இத மொதல்ல செஞ்சிட்டு வாங்க. படியில நின்னப்ப நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும்.

அப்புறம் தேடுனப்ப கெடச்சதுதான் இந்த கவுச் டு 5கே திட்டம், அதாவது சோபாவுல இருந்து எழுந்து 5 கிலோமீட்டர் ஓடுற வரைக்கும். 1996-ல ஜோஷ் கிளார்க்னு ஒரு அமெரிக்கக்காரரு போட்டது, அவரோட அம்பது வயசு தாண்டுன அம்மா மாதிரி சோபாவுல உக்காந்திருக்கிறவங்கள எப்படி எழுப்பி ஓட வைக்கிறதுன்னு யோசிச்சு போட்டாராம், அதப் படிச்சதும் எனக்கு இது நமக்குத்தான்னு தோணிருச்சு. இங்கிலாந்து அரசாங்க சுகாதாரத்துறை என்எச்எஸ் கூட இத ஆப்பா வச்சிருக்காங்க. நான் போனுல போட்டது வேற ஒரு இலவச ஆப், நடக்கணும் ஓடணும்னு நேரத்துக்கு குரல் குடுக்கும், அவ்ளோதான். இடையில விளம்பரம் வந்து குரல் முழுங்கிரும், ரெண்டு தடவ அப்படி ஏமாந்தேன், அப்புறம் திட்டத்த ஒரு தாள்ல எழுதி கையில இருக்குற சாதா வாட்சிலேயே பாத்து ஓட ஆரம்பிச்சிட்டேன். ஆப் இல்லாட்டியும் பரவால்லன்னு சொல்றதுக்குத்தான் இத எழுதுறேன், திட்டம்தான் முக்கியம்.

திட்டம் இதான். வாரத்துக்கு 3 நாள், நடுவுல ஒருநாள் ஓய்வு. மொத வாரம் 5 நிமிஷம் வேகமா நடந்து உடம்ப சூடாக்கிட்டு, 60 செகண்ட் ஓட்டம், 90 செகண்ட் நடை, இப்படியே மாத்தி மாத்தி 20 நிமிஷம். ரெண்டாவது வாரம் ஓட்டம் 90 செகண்ட், நடை 2 நிமிஷம். மூனாவதுல 3 நிமிஷ ஓட்டம் வரும், நாலாவதுல 5 நிமிஷம், இப்படி ஏறி ஒம்பதாவது வாரம் நிக்காம 30 நிமிஷம். பாக்க ஒன்னுமே இல்லாத மாதிரி இருக்கும். 60 செகண்ட் என்ன பெரிய விஷயம்னு நானும் நெனச்சேன்.

மொத நாள் கோலாலம்பூர் தித்திவங்சா ஏரிக்கரையில, காலையில 6.50, இன்னும் இருட்டு (நம்ம ஊர்ல 7 மணி தாண்டித்தான் விடியும்), மகனோட பழைய பள்ளிக்கூட கருப்பு சப்பாத்து, வீட்டுல போடுற டீசட்டை. ஓடுன்னு குரல் வந்ததும் பஸ்ஸ புடிக்கிற மாதிரி ஓடுனேன். 40 செகண்ட்ல தொண்டை காஞ்சு இரும்பு வாசம் வருது, விலாவுல ஊசி குத்துற மாதிரி வலி. நாலாவது சுத்துல நின்னுட்டேன். ஒரு மலாய்க்கார அக்கா நடந்து போனவங்க திரும்பி பாத்து, ஓகே தாக், சரியா இருக்கியான்னு கேட்டாங்க. தலைய ஆட்டுனேன், வாயத் தெறந்து பதில் சொல்ல மூச்சு இல்ல. மொத வாரத்த அப்படித்தான் ஓட்டுனேன், ரெண்டாவது வாரமும் மொத வாரத்தையே திரும்ப செஞ்சேன், ஒவ்வொரு தடவயும் இன்னைக்கோட விட்டுறலாம்னுதான் வீட்டுக்கு வந்தேன். ஓடுறது புடிக்கிறதாவது, வெறுத்தேன்னுதான் சொல்லணும்.

அதுக்கு நடுவுல முழங்காலுக்கு கீழ, முன்பக்க எலும்போட உள்பக்கமா ஒரு வலி, தொட்டாலே சுரீர்னு இருக்கும். பழக்கமில்லாத கால்ல திடீர்னு பாரம் ஏத்துனா வர்ற வலி அது. மூச்சும் இருதயமும் கொஞ்ச வாரத்துல பழகிரும், ஆனா எலும்பு, தசைநாருக்கு மாசக்கணக்குல ஆகும், அதனாலதான் திட்டத்துல அந்த ஓய்வு நாள் இருக்கு, நான் என்ன செஞ்சேன்னா மூச்சு கொஞ்சம் வந்ததும் ஓய்வு நாள்லயும் போயி ஓடுனேன். ஒரு வாரம் முழுசா நிறுத்த வேண்டியதா போச்சு. அப்பதான் சப்பாத்தும் வாங்குனேன். ஒரு பேரங்காடியில நொழைஞ்சா விக்கிற பையன் 600 வெள்ளி (ரிங்கிட்) சப்பாத்த எடுத்து நீட்டுறான், பந்தயத்துல ஓடுறவங்க போடுறதாம். பக்கத்துக் கடையில இருந்த ஒரு தங்கச்சி, அக்கா மொதல்ல போட்டு நடங்க, பெருவிரல் முன்னால ஒரு கட்டவிரல் அளவு எடம் இருக்கணும், குதிகால் கழண்டு வரக்கூடாதுன்னு சொல்லி, போன வருஷத்து மாடல் 139 வெள்ளிக்கு குடுத்துச்சு. இன்னைக்கு வரைக்கும் அதுதான் ஓடுது. இந்த திட்டத்துக்கு நான் செலவு பண்ணது அவ்ளோதான்.

இப்ப சொல்லப் போறதுதான் முக்கியம், மத்தத விட்டாலும் இத படிங்க. எங்க அக்கா கிள்ளான்ல இருக்கு, தினம் காலையில 7 மணிக்கு போன் அடிச்சிரும், அம்மா செத்ததுல இருந்து இது பழக்கம். ஓட்டத்துக்கு நடுவுல ஒருநாள் அடிச்சிச்சு, எடுக்காட்டி பயந்துரும்னு ஓடிக்கிட்டே எடுத்தேன்.

"ஏன்டி இப்படி மூச்சு வாங்குது, யாரு தொரத்துறா?"

"ஓடுறேன்க்கா."

"எதுக்கு ஓடுற, மெதுவாப் போயேன்."

நான் வேகத்த கொறச்சேன், அதுக்கு பதில் சொல்லணும்னா கொறச்சே ஆகணும். எவ்ளோ கொறச்சேன்னா, வேகமா நடக்குற சீன பாட்டி ஒருத்தங்க என்ன தாண்டி போயிட்டாங்க. ஆனா கால் ஓட்டமாத்தான் இருக்கு, நடை இல்ல. அக்கா பேசிக்கிட்டே இருக்கு, பக்கத்து வீட்டுல தண்ணி வரல, மருமக மாசமா இருக்கா, நானும் பதில் சொல்லிக்கிட்டே வர்றேன், திடீர்னு வாட்ச பாத்தா 90 செகண்ட் முடிஞ்சு இன்னும் ரெண்டு நிமிஷம் ஓடியிருக்கேன். விலா வலி இல்ல. தொண்டையில அந்த இரும்பு வாசம் இல்ல. மொத தடவையா ஏரிய பாத்தேன், முன்ன ஈய லம்பமா (சுரங்கமா) இருந்த குட்டைதானே, இப்ப அந்தப் பக்கம் இரட்டை கோபுரத்து வெளக்கு தண்ணியில நீளமா விழுந்து ஆடுது, கரையில ஒரு பெரிய உடும்பு நிதானமா புல்லுல ஏறி போவுது.

முழு வாக்கியமா பேச முடியுற வேகத்துல ஓடுங்கன்னுதான் ஓட்டம் சொல்லிக் குடுக்கிறவங்க எல்லாரும் சொல்றாங்க. நான் எழுதி வச்சிருந்த தாள்ல நிமிஷம் இருந்துச்சு, வேகத்தப் பத்தி ஒரு வார்த்த இல்ல. ஆரம்பிக்கிறவங்க முக்கால்வாசி பேரு எதுல விழுறாங்கன்னா இதுலதான், ஓட்டம்னா பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில ஓடுனதுதான் நமக்கு ஞாபகம். அன்னையில இருந்து அக்காவோட போன்தான் எனக்கு அளவுகோல். பேச முடியலயா, வேகம் கூடிருச்சு. பேச ஆள் இல்லாத நாள்ல கந்த சஷ்டி கவசம் வாய்விட்டு சொல்லுவேன், ஒரு வரி மூச்சு விடாம வந்தா சரி, இல்லன்னா கொறைக்கணும்.

நாலாவது வாரத்த ரெண்டு தடவ செஞ்சேன். அஞ்சாவது வாரத்துலதான் எல்லாரும் பயப்படுற அந்த நாள் இருக்கு, மொத நாள் 5 நிமிஷம் மூனு தடவ, ரெண்டாவது நாள் 8 நிமிஷம் ரெண்டு தடவ, மூனாவது நாள் நடையே இல்லாம 20 நிமிஷம். எட்டுல இருந்து நேரா இருபது. நான் அத சாயங்காலம் வேல முடிஞ்சு அஞ்சரைக்கு போயி செஞ்சேன், பதினோராவது நிமிஷத்துல கால் கல்லாட்டம் ஆகி நின்னுட்டேன், தலை சுத்துது. அது கால் பலம் இல்லாததுனால இல்ல, வெக்க. நம்ம ஊர்ல வேர்வை காயவே காயாது, காயாத வேர்வை உடம்ப குளுத்தாது, அதனால இருதயம் தோலுக்கு ரத்தத்த அனுப்பி சூட்ட எறக்க பாக்கும், அதே நேரம் காலுக்கும் ரத்தம் வேணும், ரெண்டு பக்கமும் இழுபட்டு படபடன்னு அடிக்கும். குளிர் ஊர்க்காரங்க 20 நிமிஷமும் நம்ம 20 நிமிஷமும் ஒன்னு இல்ல. சாயங்காலத்துல இடி மின்னல் வேற, வானம் கருத்தா திறந்த வெளியில ஓடவே கூடாது, பாதி ஓட்டமா இருந்தாலும் விட்டுட்டு கட்டடத்துக்குள்ள போயிரணும்.

மறுவாரம் அதே அஞ்சாவது வாரம், இந்த தடவ விடியகாலம். அக்காவுக்கு முன்னாலேயே சொல்லி வச்சேன், இன்னைக்கு 20 நிமிஷம், நீதான் பேசணும்னு. அது ரப்பர் தோட்டத்துல நாங்க இருந்த கதைய எடுத்துச்சு, அம்மா பெரட்டுக்கு (காலையில வேலைக்கு பேரு கூப்புடுறதுக்கு) இருட்டுல எந்திரிச்சு போனது, பால் வாளிய தூக்கிக்கிட்டு மேட்டுல இருந்து எறங்கி வர்றது, நாங்க ரெண்டு பேரும் பின்னால ஓடுறது. நான் ஓரொரு வார்த்ததான் சொன்னேன், ஆனா மூச்சு முட்டல. முழங்கையில இருந்து வேர்வை சொட்டுது, சப்பாத்து தரையில படுற சத்தம் ஒரே தாளமா இருக்கு, வானத்துல வெளிச்சம் வர ஆரம்பிக்குது. வாட்ச் அடிச்சப்ப அக்கா இன்னும் பேசிக்கிட்டே இருக்கு, நான் அழுதுட்டேன், முடிஞ்சிருச்சுக்கான்னு சொன்னேன், அதுவும் அழுதுச்சு. அதுக்கு அப்புறம் ஓடுறதுக்கு என்ன யாரும் எழுப்பல, நானே அலாரத்துக்கு முன்னால எந்திரிச்சு உக்காந்திருப்பேன்.

ஆறு, ஏழு, எட்டு, ஒம்பது வாரமெல்லாம் சுலபம்னு சொல்ல மாட்டேன் ஆனா சொல்றதுக்கு அதிகமா ஒன்னும் இல்ல, 25 நிமிஷம், 28, 30. நடுவுல சளி காய்ச்சல் வந்து ஒரு வாரம் போச்சு. புகைமூட்டம் வந்த ரெண்டு நாள் ஓடல, காத்து தூய்மைக்கேட்டுக் குறியீடு 100 தாண்டுனா ஆரோக்கியமில்லைன்னு கணக்கு, அன்னைக்கு வெளிய ஓடாதீங்க.

குறைன்னு ஒன்னு கண்டிப்பா சொல்லணும், பேரு. 30 நிமிஷத்துல 5 கிலோமீட்டர் ஓடணும்னா ஒரு கிலோமீட்டர 6 நிமிஷத்துல ஓடணும், புதுசா ஆரம்பிச்சவங்க ரொம்ப பேருக்கு அது முடியாது. கடைசி நாள் நான் ஓடுனது 3.8 கிலோமீட்டர். மொதல்ல எனக்கு மனசு ஒடிஞ்சிருச்சு, 14 வாரம் ஓடியும் 5 வரலையேன்னு. வீட்டுக்காரருதான், நீ நிக்காம அரை மணி நேரம் ஓடுனியா இல்லையான்னு கேட்டாரு. அப்புறம் வாரத்துல ஒருநாள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா தூரத்த கூட்டுனேன், மூனு வாரத்துல 5 வந்துருச்சு.

அந்த 5-ஐ நான் ஓடுனது செராஸ் தாமான் பூடு ஊலு பார்க்ரன்ல. தெரியாதவங்களுக்கு சொல்றேன், சனிக்கிழமை காலையில நடக்குற இலவச 5 கிலோமீட்டர், லண்டன்ல 2004-ல 13 பேரோட ஆரம்பிச்சது, மலேசியாவுல மொதல்ல வந்தது இந்த தாமான்லதான், 2018-ல. இணையத்துல ஒரு தடவ பேரு பதிஞ்சு பார்கோட எடுத்துக்கிட்டு போனா போதும், காசு ஒரு சென் இல்ல. கடைசியா வர்றதுக்குன்னே ஒரு தொண்டூழியர் நடந்து வருவாங்க, அதனால நம்ம கடைசி ஆளா ஆகவே முடியாது, நடந்தே முடிக்கிறவங்களும் இருக்காங்க. எனக்கு 41 நிமிஷம் ஆச்சு. அக்கா கிள்ளான்ல இருந்து விடியகாலம் காடி ஓட்டிக்கிட்டு வந்து முடிவுக் கோட்டுக்கிட்ட நின்னுச்சு, அப்புறம் எல்லாரும் பசியாற போனோம், தோசையும் தே தாரேக்கும் அன்னைக்கு இருந்த ருசி.

அஞ்சுக்கு எத்தனைன்னு கேட்டா நாலரை குடுப்பேன், அரை மார்க் கொறச்சது, வேகத்தப் பத்தி சொல்லாததுக்கு. முட்டிவலி, நெஞ்சுவலி இருக்கிறவங்க டாக்டர கேக்காம தொடாதீங்க. வாரத்த திரும்ப செய்ய வெக்கப்படாதீங்க, தாள்ல 9 இருந்தா 9-தான்னு எழுதி யாரும் கையெழுத்து போடல.

செவ்வாய், வியாழன் காலையில 7 மணிக்கு தித்திவங்சாவுல மஞ்ச தொப்பி போட்டுக்கிட்டு போன்ல பேசிக்கிட்டே ஓடுற ஆளு நான்தான். பாத்தா கூப்புடுங்க, கூட ஓடுவோம், என்னால பேசிக்கிட்டே ஓட முடியும்.