செதுக்கு இயந்திர மென்பொருளும் நான் எழுதிய கையேடும்: மூன்றாண்டு அனுபவம்

கல்லடியில் வீட்டோடு ஒட்டிய தச்சு வேலைத்தளத்தில், கணினி வழி இயங்கும் சிறிய செதுக்கு இயந்திரம் ஒன்றை மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதன் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில், கட்டளைகளை மோட்டர் அசைவாக மாற்றும் ஜிஆர்பிஎல் 1.1 என்ற மென்பொருள் இயங்குகிறது; மடிக்கணினியிலிருந்து கட்டளைகளை அனுப்புவது யுனிவர்சல் ஜி-கோட் சென்டர் என்ற செயலி. இலவசமாகக் கிடைக்கும் இவ்விரண்டிலும் எனக்குக் குறையில்லை. நான் பட்ட பாடெல்லாம் கையேட்டினால்தான்.

இயந்திரத்தோடு வந்த தாளில், திருகுத்தண்டின் புரியிடைவெளியைக் கொண்டு $100 என்ற அமைப்பை, அதாவது மேசை ஒரு மில்லிமீற்றர் நகர மோட்டருக்கு எத்தனை படி வேண்டும் என்ற எண்ணை, கணக்கிடுமாறு எழுதியிருந்தது. புரிகளுக்கிடையே 2 மில்லிமீற்றர். மோட்டர் ஒரு சுற்றுக்கு 200 படி, மோட்டரை இயக்கும் டிரைவர் சுற்றில் ஒவ்வொரு படியும் எட்டாகப் பிரிகிறது. எனவே 1600ஐ 2ஆல் வகுத்து 800 என்று இட்டேன். 10 மில்லிமீற்றர் நகரச் சொன்ன மேசை 40 நகர்ந்தது. முதிரைப் பலகையைப் பிடித்திருந்த கவ்வியில் மோதி வெட்டலகு முறிந்தது. அந்தத் தண்டில் நான்கு புரிகள் சேர்ந்து ஓடுவதால் ஒரு சுற்றுக்கு அது 8 மில்லிமீற்றர் முன்னேறும். இட வேண்டிய எண் 200. தண்டை ஒரு முறை சுற்றி, மேசை நகர்ந்த தூரத்தை அடிமட்டத்தால் அளக்கவும் என்று ஒரு வரி இருந்திருந்தால் அலகு தப்பியிருக்கும்.

அதன் பிறகே, உதவிக்கு நிற்கும் தம்பிக்காகத் தமிழில் கையேடு எழுதத் தொடங்கினேன். முதல் வரைவை $100 போன்ற அமைப்பு எண்களின் வரிசையிலேயே எழுதியது என் மடமை. இயந்திரத்தின் முன் நிற்பவனுக்கு எண் வரிசையிலா சிக்கல் வருகிறது?

இரண்டாம் வரைவில் திரையில் தெரிவதையே தலைப்பாக்கினேன். ஜிஆர்பிஎல் 1.1 நினைவகத்தை மிச்சப்படுத்த, பிழையை 'எரர் 9' என எண்ணாக மட்டுமே அனுப்புகிறது; இயந்திரம் பூட்டியிருக்கும்போது கட்டளை போனால் வருவது இது. அதன் கீழ் '$X இட்டுத் திறக்கவும்' என்று மட்டும் எழுதியிருந்தேன். ஒரு நாள் வேலையின் நடுவே மின்சாரம் போய் வந்தது. தம்பி அவ்வாறே திறந்து வேலையைத் தொடர, பாதிப் பூவேலை இரண்டு விரற்கடை தள்ளி விழுந்தது. மின்சாரம் போனதும் இயந்திரம் தான் நிற்கும் இடத்தை மறந்துவிடும், $X பூட்டைத் திறக்குமே தவிர இடத்தை மீட்டுத் தராது, ஆகவே முதலில் $H இட்டு மூலைக்கு அனுப்ப வேண்டும் என்ற காரணத்தை நான் எழுதவில்லை. பிழை அவனுடையதன்று.

சொற்களிலும் திருத்தம் நேர்ந்தது. 3.175 மில்லிமீற்றர் வெட்டலகு என்றபோது விழித்த தம்பி, 'ஒரு நூல்' என்றதும் பெட்டியிலிருந்து சரியானதை எடுத்துத் தந்தான். அங்குலத்தில் எட்டில் ஒன்றுதானே அது. வெட்டும்போது அலகு நகரும் வேகத்துக்கு 'ஊட்டு வேகம்' என்று நான் ஆக்கிய சொல்லோ ஒருவர் வாயிலும் நுழையவில்லை. 'ஃபீட்' என்றே மாற்றிவிட்டேன்.